கைப்பேசிச் செயலி உருவாக்கம்: பெங்களூரு காட்டும் பாடங்கள்

கைப்பேசிச் செயலி உருவாக்கம் என்பது திறன்பேசியில் ஓடும் மென்பொருளை எழுதி, சோதித்து, பயனர் கையில் சேர்த்து, அதன் பின்னும் பழுது நீக்கிக்கொண்டே இருக்கும் தொழில். இந்தியாவில் அதற்குத் தலைமையிடம் பெங்களூரு. ஃபிளிப்கார்ட் 2007இலும், ஜெரோதா 2010இலும், ஸ்விக்கி 2014இலும், ஃபோன்பே 2015இலும் இந்த ஊரில்தான் தொடங்கப்பட்டன. தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை மூன்று: தரவை எங்கே வைப்பது, அதை எப்படிக் காப்பது, எந்தச் சட்டகத்தில் செயலியைக் கட்டுவது. பயிற்சி வகுப்புகளில் இவை தனித்தனிப் பாடங்கள். வேலையில் இறங்கிப் பார்த்தால் மூன்றும் ஒரே முடிச்சில் வந்து நிற்கும். எதை எங்கே வைத்தோம் என்பதை மறந்துபோவதுதான் அந்த முடிச்சு. பெங்களூரோடு தொடர்புடைய பெரிய கசிவுகளில் சில யாருடைய அபார மூளையாலும் நடந்தவை அல்ல. நிரலுக்குள் எழுதிவைத்து மறந்த கடவுச்சொல்லாலும், மாற்றாமல் விட்ட பழைய சாவியாலும் நடந்தவை.

ஊரும் தொழிலும்

1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் தன் ஆய்வு மையத்தைத் திறந்தது. பின்வந்த ஆண்டுகளில் கைப்பேசி தயாரிக்கும் பன்னாட்டு நிறுவனங்களின் மென்பொருள் பிரிவுகளும் இங்கே வந்தன. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலையிலும் ஆண்ட்ராய்டின் சந்தை அதே ஆண்டு அக்டோபரிலும் திறந்தபோது, கைப்பேசிக்கு நிரல் எழுதப் பழகிய கைகள் ஊரில் ஏற்கெனவே இருந்தன. 2011இல் ஹாஸ்கீக் அமைப்பு ட்ராய்ட்கான் இந்தியா மாநாட்டை இங்கே நடத்தியது.

2015 மே மாதம் இணைய ஆடைக் கடையான மிந்த்ரா தன் இணையதளத்தையே மூடி, செயலி வழியாக மட்டும் விற்பது என்று முடிவெடுத்தது. ஓராண்டு போனது. 2016 ஜூன் 1இல் இணையதளம் திரும்பி வந்தது. அன்று மலிவு விலைக் கைப்பேசிகளில் சேமிப்பிடம் குறைவு. நான்கு படம் எடுக்கவும் ஒரு பாட்டு ஏற்றவும் எதையாவது அழிக்க வேண்டும், அழிக்கப்படுவது எப்போதாவது பயன்படும் கடைச் செயலியாகத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை துணி வாங்குபவர் தன் போனில் ஒரு கடைக்கு நிரந்தர இடம் தர விரும்புவதில்லை. ஃபிளிப்கார்ட் இதை வேறு வழியில் அணுகியது. 2015 நவம்பரில் அது அறிமுகப்படுத்திய ஃபிளிப்கார்ட் லைட், உலாவியிலேயே ஓடி, சிக்னல் போனாலும் முன்பு பார்த்த பக்கங்களைக் காட்டக்கூடியது. எதை, எவ்வளவு, யாருடைய இடத்தில் வைப்பது என்பது வணிக முடிவாகவும் இருக்கும் என்பதற்கு இந்த இரண்டும் எடுத்துக்காட்டு.

2016 ஏப்ரலில் யுபிஐ தொடங்கியது. செப்டம்பரில் ஜியோ வந்து இணையத்தின் விலை விழுந்தது. அதுவரை கடையாகவும் விளையாட்டாகவும் இருந்த செயலி, அதன்பின் பணப்பை ஆனது. பாதுகாப்புக் கேள்விகளின் எடை கூடியது அங்கிருந்துதான்.

தரவை எங்கே வைப்பது

முதலில் கேட்க வேண்டியது, வைக்கத்தான் வேண்டுமா என்பது. வைக்காத தரவு கசிவதில்லை. வைத்தே ஆக வேண்டும் என்றால், தரவின் இயல்பைப் பார்த்து இடம் தர வேண்டும்.

இரவு நிறமா பகல் நிறமா, எழுத்தின் அளவு என்ன, எந்த மொழி என்பன போன்ற சிறு விருப்பங்களுக்கு ஆண்ட்ராய்டில் ஷேர்டு பிரிஃபரன்சஸ் இருந்தது. அது ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு; திறக்கும்போது முழுதாக நினைவகத்துக்கு வந்துவிடும். 2021இல் நிலைப்பதிப்பாக வந்த டேட்டாஸ்டோர் அதன் இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஐபோனில் இதே வேலைக்கு யூசர் டிஃபால்ட்ஸ். ரியாக்ட் நேட்டிவில் ஏசிங்க் ஸ்டோரேஜ். அது ஆண்ட்ராய்டில் இயல்பாக 6 எம்பி வரைதான் தாங்கும். இவை எவற்றுக்கும் தாமாக மறையாக்கம் இல்லை. உள்நுழைவு டோக்கனை இவற்றில் போட்டுவிடுவது தொடக்க நிரலாளர் செய்யும் மிகப் பரவலான பிழை. வீட்டுச் சாவியைச் செருப்பு அலமாரியில் வைப்பது போன்றது அது. வீட்டார் எடுக்க எளிது, மற்றவருக்கும் எளிது.

வாடிக்கையாளர் பட்டியல், ஆர்டர்கள், செய்திகள் என்று அட்டவணையாக அமையும் தரவுக்கு எஸ்கியூலைட். ரிச்சர்டு ஹிப் 2000இல் வெளியிட்ட இந்தத் தரவுத்தளத்துக்கு உரிமக் கட்டணமோ தனி சர்வரோ கிடையாது. முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. ஆண்ட்ராய்டும் ஐஓஎஸும் இதைத் தம்முள் வைத்திருக்கின்றன. கூகுளின் ரூம், ஆப்பிளின் கோர் டேட்டா, 2023இல் வந்த ஸ்விஃப்ட் டேட்டா ஆகியவற்றின் அடியிலும் வழக்கமாக இருப்பது இதுதான். வேறு வழி தேடுபவர் அதன் ஆயுளையும் பார்க்க வேண்டும். ரியல்ம் என்ற தரவுத்தளம் விரும்பிப் பயன்படுத்தப்பட்டது. 2019இல் மாங்கோடிபி அதை வாங்கியது. அதன் ஒத்திசைவுச் சேவை 2025 செப்டம்பரோடு நிறுத்தப்பட்டது. அதை நம்பிக் கட்டியவர்கள் எல்லாரும் அடித்தளத்தை மாற்ற வேண்டி வந்தது. எஸ்கியூலைட்டுக்கு அந்தப் பயம் இல்லை என்பதே அதைப் பரிந்துரைக்கப் போதுமான காரணம்.

சிக்னல் இல்லாத இடத்தில் செயலி என்ன செய்ய வேண்டும் என்பது பெங்களூரில் ஏட்டுக் கேள்வி இல்லை. ஊதா வழித்தட மெட்ரோ மெஜஸ்டிக், விதான சௌதா, கப்பன் பூங்கா நிலையங்களைத் தரைக்கடியில் கடக்கிறது. உணவு கொண்டுவருபவர் அடுக்குமாடியின் கீழ்த்தள வண்டி நிறுத்தத்தில் நின்று ‘டெலிவரி ஆயிற்று’ என்று அழுத்துகிறார். அந்த நொடியில் வலை இல்லை. நன்றாக எழுதப்பட்ட செயலி அந்தச் செய்தியை முதலில் போனின் தரவுத்தளத்தில் ‘இன்னும் அனுப்பப்படவில்லை’ என்ற குறியோடு எழுதும். வலை வந்ததும் அனுப்பும். சர்வர் ஒப்புக்கொண்ட பிறகே குறியை மாற்றும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பணம் செலுத்து என்று ஒருவர் அழுத்துகிறார். கோரிக்கை சர்வரை அடைந்துவிட்டது, பதில் மட்டும் வழியில் தொலைந்தது. அவர் மறுபடி அழுத்துகிறார். இரண்டு முறை பணம் போகலாமா? போகாமலிருக்க, முதல் முறை அழுத்தும்போதே போன் ஒரு தனித்த எண்ணை உருவாக்கித் தன் தரவுத்தளத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். எத்தனை முறை அனுப்பினாலும் அதே எண். சர்வர் அந்த எண்ணை ஏற்கெனவே பார்த்திருந்தால் பழைய பதிலையே திருப்பித் தரும். சில வரி நிரல்தான். ஆனால் அது இல்லாத செயலியால் பொதுமக்கள் படும் அலைச்சல் கொஞ்சமல்ல. வங்கிக்கும் வாடிக்கையாளர் சேவைக்கும் இடையே நாள்கணக்கில் அலைபவருக்கு அந்தச் சில வரிகளின் மதிப்பு தெரியும்.

அடுத்த சிக்கல் பதிப்பு மாற்றம். செயலி வளர வளர அட்டவணைகளின் வடிவமும் மாறும். சர்வரில் ஒரு தரவுத்தளம், போன்களிலோ லட்சக்கணக்கில். இரண்டு ஆண்டுகள் புதுப்பிக்காமல் வைத்திருந்தவர் மூன்றாம் வடிவத்திலிருந்து நேரே பதினொன்றாம் வடிவத்துக்கு வருவார். இடையிலுள்ள ஒவ்வொரு படிக்கும் மாற்று நிரல் இருக்க வேண்டும், அது சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். ரூமில் இதைத் தவிர்க்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது: மாற்று நிரல் இல்லையென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொல்லலாம். சர்வரிலிருந்து மீண்டும் இறக்கிக்கொள்ளும் நகல் தரவுக்கு அது பொருந்தும். பயனர் தட்டச்சு செய்து, இன்னும் அனுப்பப்படாத தரவுக்கு அதைப் பயன்படுத்துவது மன்னிக்க முடியாத செயல்.

கடவுச்சொல், டோக்கன், மறையாக்கச் சாவி ஆகிய இரகசியங்களுக்குத் தனி இடம் உண்டு. ஆண்ட்ராய்டில் கீஸ்டோர், ஐஓஎஸில் கீசெயின். 2013இல் வந்த ஐபோன் 5எஸ், தன் முதன்மைச் சில்லுக்குள்ளேயே செக்யூர் என்கிளேவ் என்ற தனிப் பாதுகாப்புப் பகுதியைக் கொண்டிருந்தது. அதே ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 4.3 செயலிகளுக்குத் தனித்தனி கீஸ்டோர் அறையைத் திறந்தது. வன்பொருள் துணையிருக்கும் போன்களில் சாவி அந்த அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. செயலி தரவை உள்ளே கொடுத்து, மறையாக்கம் செய்ததைத் திரும்பப் பெறுகிறது. எஸ்கியூலைட் கோப்பு முழுவதையும் மூட எஸ்கியூஎல்சைஃபர் உண்டு. அதன் சாவியை கீஸ்டோரில் பூட்டிவைப்பது முறை.

பூட்டியபின் வரும் தொல்லைகளைப் பயிற்சிப் புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. ஆண்ட்ராய்டு தானாகவே செயலியின் தரவை 25 எம்பி வரை மேகத்தில் காப்பு நகல் எடுக்கும். பயனர் புதுப் போன் வாங்குகிறார். மறையாக்கம் செய்த கோப்பு திரும்பி வருகிறது. சாவி பழைய போனின் சில்லிலேயே தங்கிவிடுகிறது. செயலி திறந்த நொடியே விழுகிறது. மறையாக்கிய கோப்புகளைக் காப்பு நகலிலிருந்து விலக்கிவைக்க ஒரு சிறு அமைப்புக் கோப்பு போதும், அதை எழுத மறப்பவர்களே மிகுதி. ஐபோனில் எதிர்த்திசைச் சிக்கல்: செயலியை நீக்கினாலும் கீசெயினில் வைத்தது அழிவதில்லை. ஒருவர் செயலியை நீக்கிவிட்டு மாதங்கள் கழித்து மீண்டும் நிறுவினால் பழைய டோக்கன் காத்திருக்கும். முதல் திறப்பின்போதே பழையதைத் துடைப்பது நல்லது. விரல்ரேகையோடு கட்டிய ஆண்ட்ராய்டு சாவி, புது விரல் ஒன்றைப் போனில் சேர்த்ததும் செல்லாததாகிவிடும். அது பிழை அல்ல, வேண்டுமென்றே வைத்த காவல். பயனரிடம் அமைதியாக மறுபடி உள்நுழையச் சொல்ல வேண்டியது செயலியின் கடமை.

சாவியை எங்கே வைக்கக் கூடாது என்பதற்கு ஆதார் ஆணையத்தின் எம்ஆதார் செயலி வரலாற்றில் நிற்கும் எடுத்துக்காட்டு. ஆணையத்தின் தொழில்நுட்ப மையம் பெங்களூரில் இருக்கிறது. 2017 ஜூலையில் வெளிவந்த அந்தச் செயலியை 2018 ஜனவரியில் பிரெஞ்சுப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் பிரித்துப் பார்த்தார். போனிலுள்ள தரவுத்தளத்துக்கான கடவுச்சொல், தற்செயல் எண்ணிலிருந்து பிறப்பதுபோல் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்தத் தற்செயலுக்கு விதையாகக் கொடுக்கப்பட்டது 123456789 என்ற மாறாத எண். விதை ஒன்றென்றால் விளைவதும் ஒன்றே. எந்தப் போனில் ஓட்டினாலும் அதே கடவுச்சொல் வரும். மறையாக்கம் இருந்தது, இரகசியம் இல்லை. மறையாக்கம் இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திக்கொள்ளும் தணிக்கைகள் இப்படிப்பட்டதைக் கண்டுபிடிப்பதில்லை. சாவி எங்கிருந்து வருகிறது என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும்.

தமிழ் எழுத்தைச் சேமிப்பது

கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாம் புழங்கும் ஊரில் உருவாகும் செயலிகளும் இந்திய எழுத்துகளைப் பல நேரம் சரியாகக் கையாளுவதில்லை. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டு வேண்டும். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள். ஆக 15 பைட்டு. கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளோ மூன்றுதான். பெயருக்கு இத்தனை எழுத்து என்று எல்லை வைப்பவர் எதை எண்ணுகிறார் என்று தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நீண்ட தமிழ்ப் பெயர் நடுவில் அறுந்து, கொம்போ காலோ அநாதையாக நிற்கும்.

அகரவரிசை இன்னும் மோசமாகப் பாதிக்கப்படுகிறது. எஸ்கியூலைட் இயல்பாகக் குறியீட்டு எண்களின் வரிசையில் அடுக்கும். யுனிகோடு அட்டவணையில் ன, ந-வுக்கு அடுத்து வந்துவிடுகிறது. ற, ர-வுக்கு அடுத்து. புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. அதனால் அகராதியில் ‘அக்கா’வுக்குப் பின் வர வேண்டிய ‘அகம்’ முன்னால் வந்துவிடும்; ‘கபம்’ முந்தி நிற்க வேண்டிய இடத்தில் ‘கனவு’ முந்தும். ஆண்ட்ராய்டின் எஸ்கியூலைட்டில் மொழிக்கேற்ற அடுக்குமுறையைக் கேட்டுப் பெற வழியுண்டு. சட்டகங்கள் தம்மோடு கொண்டுவரும் பதிப்புகளில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. தேடலிலும் ஒரு கண்ணி: ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஒருவர் ஒரு விதமாகச் சேமித்த ‘கொத்தமல்லி’, மற்றொரு விதமாகத் தேடுபவருக்குக் கிடைக்காது. சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் எழுத்தை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் இயல்பாக்கம் இதற்குத் தீர்வு. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்து வெளியிடும் வழக்கம் இருக்கும்வரை இந்தப் பிழைகளைக் கண்டுபிடிப்பவர்கள் பயனர்களாகத்தான் இருப்பார்கள்.

பாதுகாப்பு

செயலியின் கோப்பு ஊர் முழுக்க விநியோகிக்கப்படும் புத்தகம் போன்றது. அதைத் திறந்து படிக்க ஜாட்எக்ஸ், ஏபிகேடூல் போன்ற இலவசக் கருவிகள் உண்டு. நிரலைக் குழப்பியெழுதும் ஆர்8 படிப்பவரின் வேகத்தைக் குறைக்கும், தடுக்காது. ஆகவே செயலிக்குள் வைத்த எந்த இரகசியமும் இரகசியம் இல்லை.

இதைப் பெங்களூரு 2017இல் நேரடியாகப் பார்த்தது. அந்த ஆண்டு ஜூலையில் ஆதார் ஆணையம் நகரக் காவல்துறையிடம் புகார் தந்தது. ஆதார் விவரங்களைச் சரிபார்த்துத் தருவதாக ஒரு தனியார் செயலி பிளே ஸ்டோரில் இருந்தது. அதை எழுதியவருக்கு ஆணையத்தின் அனுமதி கிடையாது. அரசு மருத்துவமனைகளில் முன்பதிவு செய்ய தேசியத் தகவலியல் மையம் அமைத்த இ-ஹாஸ்பிடல் முறைக்கு அந்த அனுமதி இருந்தது. இளம் மென்பொருள் பொறியாளர் ஒருவர் அதன் வழியையே தன் செயலிக்கு வாசலாக்கிக்கொண்டார். மருத்துவமனை முறையின் முகவரியில் எச்டிடிபிஎஸ் காப்பு இல்லாதது வழி திறந்துவிட்டது என்று காவல்துறை விளக்கியது. ஆகஸ்டில் அவர் கைதானார். தன் களஞ்சியத்திலிருந்து தரவு களவு போகவில்லை, பயனர்கள் தம் விவரங்களையே ஓடிபி தந்து பெற்றார்கள் என்பது ஆணையத்தின் நிலை. அது சரியாகவே இருக்கட்டும். சர்வர் தன்னிடம் பேசுவது யார் என்று உறுதிசெய்யாமல், வந்த வழியை மட்டும் பார்த்துக் கதவைத் திறந்தது என்பதுதான் நிரலாளர் குறித்துக்கொள்ள வேண்டியது.

ஐஓஎஸ் 9, 2015இலேயே மறையாக்கமற்ற இணைப்புகளை இயல்பாகத் தடுத்தது. ஆண்ட்ராய்டு 9 அதை 2018இல் செய்தது. இன்று அந்தத் தடையைத் தளர்த்தும் வரி ஒரு செயலியில் இருந்தால் அதற்கு எழுத்துப்பூர்வக் காரணம் இருக்க வேண்டும். சர்வரின் சான்றிதழைச் செயலிக்குள்ளேயே பொருத்திவைக்கும் பின்னிங் முறையைப் பலர் கண்மூடிப் பரிந்துரைக்கிறார்கள். சான்றிதழ் மாறும் நாளில் பழைய பதிப்பு வைத்திருக்கும் எல்லாருக்கும் செயலி செத்துப்போகும். மாற்றுச் சான்றும் புதுப்பிக்கும் திட்டமும் கையில் இல்லாதவர் அதைத் தொடாமல் இருப்பதே மேல்.

சர்வர் பக்கத்தில் நடந்தவையும் இதே கதைதான். பெங்களூரின் பணப்பரிமாற்ற மென்பொருள் நிறுவனமான ஜஸ்பேயில் 2020 ஆகஸ்ட் 18இல் ஊடுருவல் நடந்தது. 2021 ஜனவரியில் அது வெளியே தெரிந்தது. புதுப்பிக்காமல் விடப்பட்ட பழைய அமேசான் மேகச் சாவி ஒன்று பயன்படுத்தப்பட்டதாக நிறுவனம் தெரிவித்தது. பகுதி மறைக்கப்பட்ட அட்டை விவரங்கள் கொண்ட சுமார் 3.5 கோடிப் பதிவுகள் எட்டப்பட்டன. முழு அட்டை எண்கள் தனி அமைப்பில் இருந்ததால் தப்பின. ஒரே நிகழ்வில் தவறும் சரியும் இருக்கின்றன: சாவியை மறந்தது தவறு, முக்கியமானதைத் தனியே வைத்தது சரி. 2020 அக்டோபர் கடைசியில் பெங்களூரின் மளிகை நிறுவனமான பிக்பாஸ்கெட்டின் சுமார் 2 கோடிப் பயனர் விவரங்கள் விற்பனைக்கு வந்திருப்பதை சைபில் என்ற நிறுவனம் கண்டது. முகவரி, தொலைபேசி, பிறந்தநாள், கடவுச்சொற்களின் ஹேஷ் எல்லாம் அதில் இருந்தன. கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம். வீட்டு முகவரியையும் பிறந்தநாளையும் எப்படி மாற்றுவது? காய்கறி வாங்கப் பிறந்தநாள் எதற்கு என்று படிவத்தை வடிவமைக்கும் நாளில் யாராவது கேட்டிருக்க வேண்டும். இந்தக் கேள்வி ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று. அடுக்குமாடி வாசலில் வேலைக்கு வரும் அம்மாவின் படத்தையும் வந்துபோகும் நேரத்தையும் பதிவுசெய்யும் செயலிகள் வரை அது நீளும்.

நன்றாக வடிவமைக்கப்பட்டதற்கும் உதாரணம் உண்டு. யுபிஐ பின் எண்ணை இடும் திரை, எந்தச் செயலியில் திறந்தாலும், தேசியப் பணப்பரிமாற்றக் கழகத்தின் பொது நூலகத்திலிருந்து வருவது. செயலியை எழுதிய நிறுவனத்துக்கு அந்த எண் தெரியவே தெரியாது. போனிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பவைத்துத் தொலைபேசி எண்ணையும் கருவியையும் கட்டிப்போடுவதும் யுபிஐ முறையின் பகுதி. அட்டைகளுக்கும் 2022 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி இதே வழியைக் கட்டாயமாக்கியது: கடைகள் அட்டை எண்ணை வைத்திருக்கக் கூடாது, பதிலுக்கு டோக்கன். இரகசியத்தைக் காக்கச் சிறந்த வழி அதைக் கையில் வாங்காமலிருப்பது என்பதை இவை இரண்டும் நாடளவில் நிறுவிக் காட்டின.

ஓடிபி சரியா தவறா என்று போனிலேயே முடிவெடுப்பது, கோரிக்கையிலுள்ள ஆர்டர் எண்ணை மாற்றினால் அடுத்தவர் ஆர்டரைக் காட்டுவது, சோதனைக்காகத் திறந்துவைத்த ஃபயர்பேஸ் விதிகளை வெளியீட்டுக்குப் பின்னும் அப்படியே விடுவது ஆகியவை இன்றும் தொடரும் பிழைகள். ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் கைப்பேசி அபாயப் பட்டியலின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் முதலிடம் பெற்றிருப்பது சாவிகளையும் கடவுச்சொற்களையும் தவறாகக் கையாள்வது. மேலே சொன்ன நிகழ்வுகளைப் பார்த்தவருக்கு அந்த வரிசையில் வியப்பு இராது.

எந்தச் சட்டகம்

ஃப்ரேம்வொர்க் என்று தொழிலில் வழங்கும் சட்டகங்கள், ஒரே நிரலை ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடச் செய்கின்றன. இளைஞர்கள் அதிகம் சண்டையிடுவது இதைப் பற்றி. முடிவைக் குறைவாகப் பாதிப்பதும் இதுதான்.

தளத்தின் சொந்த மொழிகளில் எழுதுவது ஒரு வழி: ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின், ஐபோனுக்கு ஸ்விஃப்ட். கோட்லினை 2017இல் கூகுள் ஏற்றது. ஸ்விஃப்ட் 2014இல் வந்தது. 2009இல் ஃபோன்கேப் இணையப் பக்கத்தையே செயலியாகப் பொதிந்து தந்தது. அடோபி 2020இல் அதைக் கைவிட்டது. ஃபேஸ்புக் 2015இல் ரியாக்ட் நேட்டிவை வெளியிட்டது. கூகுளின் ஃப்ளட்டர் 1.0, 2018 டிசம்பரில் வந்தது. அது தளத்தின் பொத்தான்களைக் கேட்பதில்லை, ஒவ்வொரு புள்ளியையும் தானே வரைகிறது. மைக்ரோசாஃப்ட் வாங்கிய சமாரினுக்கு ஆதரவு 2024 மே 1இல் முடிந்தது. கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் 2023 நவம்பரில் நிலைபெற்றது. திரைகளைத் தனித்தனியே எழுதி, தரவும் விதிகளும் மட்டும் பொதுவாக இருக்கட்டும் என்பது அதன் அடிப்படை எண்ணம்.

பெங்களூரின் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா தன் கைட் செயலியில் இந்தப் பாதையை நடந்தே கடந்தது. முதலில் தளத்தின் சொந்த நிரல், பிறகு ரியாக்ட் நேட்டிவ், அதன்பின் ஃப்ளட்டர். ஃப்ளட்டர் இளம்பருவத்தில் இருந்தபோதே சிறு குழு ஒன்று அந்த முடிவை எடுத்து, காரணங்களைத் தன் தொழில்நுட்பப் பக்கத்தில் எழுதியும் வைத்தது. நொடிக்குப் பலமுறை மாறும் விலைகளைத் திரையில் தடங்கலின்றிக் காட்ட வேண்டிய செயலிக்கு அது பொருந்தியது. அதே காலத்தில், 2018இல், அமெரிக்காவின் ஏர்பிஎன்பி ரியாக்ட் நேட்டிவைக் கைவிட்டுச் சொந்த நிரலுக்குத் திரும்பியது. இரண்டு முடிவும் அவரவர் குழுவுக்குச் சரி. 2022 நவம்பரில் ஜஸ்பே குழுவில் உருவாகி, ஆட்டோ ஓட்டுநர்களிடம் கமிஷன் வாங்காமல் பெங்களூரில் தொடங்கிய நம்ம யாத்ரி, சர்வரை ஹாஸ்கெல்லிலும் திரைகளைப் பியூர்ஸ்கிரிப்டிலும் எழுதியது. இரண்டும் பரவலானவை அல்ல. இருந்தும் ஊர் முழுக்க ஆட்டோக்கள் அதில் ஓடின. அதன் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது; கற்க விரும்பும் மாணவர் படித்துப் பார்க்கலாம்.

தேர்வுக்கு உதவும் கேள்விகள் எளியவை. குழுவிலுள்ளவர்களுக்கு எது தெரியும்? புளூடூத், கேமரா, பின்னணி இருப்பிடம் போன்றவற்றை ஆழமாகத் தொட வேண்டுமா? ஆம் என்றால் சொந்த நிரல் நல்லது. படிவமும் பட்டியலும் கொண்ட செயலி, இரண்டே பேர் கொண்ட குழு என்றால் ஃப்ளட்டரோ ரியாக்ட் நேட்டிவோ போதும், எதை எடுத்தாலும் வருத்தப்பட வேண்டியதில்லை. இது பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு மட்டும் ஒரே பதில்: எந்தச் சட்டகமும் உள்ளே வைத்த இரகசியத்தைக் காக்காது. ரியாக்ட் நேட்டிவின் நிரல் பொதி படிக்கச் சற்று எளிது, ஃப்ளட்டரின் இயந்திர நிரல் சற்றுக் கடினம். இரண்டிலும் உள்ளே எழுதிய ஏபிஐ சாவி எழுத்துச் சரமாகவே கிடக்கும்.

சட்டம்

ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரல் 6இல் இட்ட ஆணைப்படி பணப்பரிமாற்றத் தரவு இந்தியாவுக்குள்தான் இருக்க வேண்டும். 2022 செப்டம்பரில் அது வெளியிட்ட எண்மக் கடன் விதிகள், கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் அழைப்புப் பதிவையும் படக்கோப்புகளையும் தொடுவதைத் தடுத்தன. கடன் வாங்கியவரின் உறவினர்களை அழைத்து அவமானப்படுத்திய கொடுமைக்கு வாசலாக இருந்தது அந்தத் தொடர்புப் பட்டியல்தான். கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் இட்ட ஆணை, ஊடுருவலைக் கண்ட 6 மணி நேரத்துக்குள் அறிவிக்கவும் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது.

இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24இல் சொன்ன தீர்ப்பு. இ-ஹாஸ்பிடல் வழக்கில் பெங்களூரில் கைது நடந்த அதே மாதம் அது. வழக்கைத் தொடுத்தவர் பெங்களூரில் வாழ்ந்த கர்நாடக உயர் நீதிமன்ற ஓய்வு நீதிபதி கே. எஸ். புட்டசுவாமி. 2012இல் மனுப் போட்டபோது அவருக்கு வயது 86. தீர்ப்பின் தொடர்ச்சியாக எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்றது. தேவைக்கு மேல் தரவு கேட்கக் கூடாது, தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும், கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கே சொல்ல வேண்டும், 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்பவை அதன் சாரம். மீறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. அதன்படி அவை 2027 மே மாதம் நடைமுறைக்கு வர வேண்டும். புட்டசுவாமி 2024 அக்டோபரில், 98ஆவது வயதில் காலமானார்.